நீ சண்டையைப் பாத்தியா? — ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தை முன்வைத்து

என் அப்பா ஆர்மி, எதிர்வீட்டு மாமா ஏர்ஃபோர்ஸ். இரண்டு பேரும் பென்ஷன் வாங்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டால் நேற்றுத்தான் யூனிஃபார்மைக் கழற்றியவர்கள் மாதிரி ஆரம்பித்துவிடுவார்கள். “உங்க ஏர்ஃபோர்ஸ்ல ஆபீசர் மட்டும்தான்யா சண்டைக்குப் போவான். நீங்கல்லாம் சல்யூட் அடிச்சு அனுப்பி வெச்சுட்டு டீ குடிப்பீங்க” என்பார் அப்பா. “அதான்யா மூளை. ஆர்மில ஆபீசர் உங்களை முன்னாடி தள்ளி விடுவான், நீங்களும் போவீங்க” என்பார் மாமா. இந்த ஜோக் இவர்கள் உண்டாக்கியது இல்லை. விமானப்படை இருக்கிற பல நாடுகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இது புழங்குகிறது. எத்தனை முறை சொன்னாலும் இருவரும் புதுசாகக் கேட்பதுபோல் சிரிப்பார்கள்.

ஒருநாள் மாமா வாய் தவறி வேறொன்று கேட்டுவிட்டார். “சரி ஹவில்தார், நீ சண்டையைப் பாத்தியா?” அப்பா ஆர்மியில் லாரி ஓட்டியவர். அரிசி, மண்ணெண்ணெய், கம்பளி என்று மலைமேல் ஏற்றி இறக்கியிருக்கிறார். துப்பாக்கியால் ஒருவரையும் சுட்டதில்லை, அவரையும் யாரும் சுட்டதில்லை. அப்பா சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அன்றைக்கு ஏழு மணிச் செய்திக்கு முன்பே எழுந்து உள்ளே போய்விட்டார்.

முப்படைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கலாய்ப்பது பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அது ஒரு வாய்மொழி இலக்கிய வகை என்றே சொல்வேன். அதற்கென்று வாய்பாடு இருக்கிறது, மாறாத பாத்திரங்கள் இருக்கிறார்கள், எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்பது மாமா அதைத் தாண்டிய அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஏசி ரூம், சாப்பாடு, சேறு, கப்பல் வாந்தி, எதைச் சொல்லியும் சீண்டலாம். ‘நீ சண்டையைப் பார்த்தாயா’ என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியையே மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு படமாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது அன்றிரவு ஞாபகம் வந்தது. காலேஜில் ஒருமுறை பாதித் தூக்கத்தில் பார்த்த படம் அது.

*

‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 1946 நவம்பரில் வெளியானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் அந்தப் போரில் சீருடை போட்டவர்கள் ஏறக்குறைய 1.6 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் வீடு திரும்பி, பழைய சட்டை இறுக்கமாக இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கு இந்த யோசனை வந்ததற்கே 1944இல் டைம் இதழில் வந்த ஒரு கட்டுரைதான் காரணம். விடுப்பில் ஊர் திரும்பும் மரைன்களைப் பற்றியது அது. (கடைசியில் படத்தின் மூன்று நாயகர்களில் ஒருவர்கூட மரைன் இல்லை. மரைன்கள் இதை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.) மெக்கின்லே கான்டர் அதை எதுகையில்லாத யாப்பில் ஒரு நெடுங்கதையாகவே எழுதிக் கொடுத்தார். ராபர்ட் ஷெர்வுட் அதிலிருந்து திரைக்கதை செய்தார். இயக்கியவர் வில்லியம் வைலர். சிறந்த படம், இயக்கம், திரைக்கதை உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

மூன்று பேர் ஒரே ஊருக்குத் திரும்புகிறார்கள். ஊர் பெயர் பூன் சிட்டி, கற்பனை ஊர். அல் ஸ்டீஃபன்சன் தரைப்படை சார்ஜென்ட், பசிபிக் தீவுகளில் சண்டை போட்டவர். ஃப்ரெட் டெர்ரி விமானப்படை கேப்டன், ஐரோப்பாவின் மேல் பறந்து குண்டு போட்டவன். ஹோமர் பாரிஷ் கடற்படைச் சிப்பாய், இரண்டு கைகளும் இல்லை. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் கொக்கிகள். மூன்று பேருக்கும் முன்பின் பழக்கமில்லை. ஊருக்குப் போகும் ராணுவ விமானம் ஒன்றில் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அதற்குச் சற்று முன்னால், பயணிகள் விமானத்தில் டிக்கெட் கிடைக்காமல் ஃப்ரெட் நிற்கும்போது, கோல்ஃப் மட்டைகளோடு வந்த ஒரு பணக்காரர் முன்பதிவு செய்த தன் சீட்டுக்குப் போகிறார். வைலர் அதில் ஒரு நொடிகூட அதிகம் நிற்பதில்லை. நாமும் நிற்க வேண்டாம்.

விமானம் பி-17. அதன் மூக்குப் பகுதி கண்ணாடிக் கூண்டு. குண்டு போடுபவன் உட்காரும் இடம் அது. ஃப்ரெட்டின் பழைய ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மூன்று பேரும் அதில் கால் நீட்டிக் கிடந்து பேசுகிறார்கள். படைக்காரர்கள் முதல் சந்திப்பில் கேட்டுக்கொள்ளும் வழக்கமான கேள்விகள்தான்: எந்தப் பிரிவு, எங்கே இருந்தாய், எத்தனை நாள். ஹோமர் தன் கதையைச் சொல்கிறான். அவன் கப்பலில் கீழ்த்தளத்தில் ரிப்பேர் ஷாப்பில் வேலை பார்த்தவன். கடலையே சரியாகப் பார்த்ததில்லை. எதிரியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. கப்பல் அடிபட்டபோது நெருப்பும் சத்தமும்தான் தெரிந்தது. கண் விழித்தபோது வேறொரு கப்பலில் இருந்தான், கைகள் இல்லை. இதை அவன் சினிமா சோகத்தோடு சொல்வதில்லை. ‘நமக்கு அவ்வளவு ஒண்ணும் அனுபவம் இல்லண்ணே’ என்று ஜூனியர் சீனியரிடம் ஒப்புக்கொள்வதுபோல் சொல்கிறான்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரில் போரை நேருக்கு நேர் பார்த்தவர் அல். உயரத்திலிருந்து பார்த்தவன் ஃப்ரெட். ஒன்றுமே பார்க்காதவன் ஹோமர். கொடுத்த விலையைப் பார்த்தால் வரிசை அப்படியே தலைகீழ். அல்லுக்கு உடம்பில் கீறல் இல்லை, குடி மட்டும் கூடியிருக்கிறது. ஃப்ரெட்டுக்கு இரவில் எரியும் விமானம் கனவில் வருகிறது. ஹோமருக்குக் கை இல்லை. ‘நீ சண்டையைப் பார்த்தாயா’ என்ற அளவுகோலைத் திரைக்கதை முதல் அரை மணியிலேயே உடைத்துப் போட்டுவிடுகிறது. மற்ற இருவரும் அதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்? ஒன்றும் சொல்வதில்லை. சிகரெட் பற்றவைக்க ஹோமர் கொக்கியால் தீக்குச்சி உரசி நீட்டுகிறான். அவர்கள் குனிந்து பற்றவைத்துக்கொள்கிறார்கள்.

*

மூன்று பேரும் ஒரே டாக்ஸியில் ஊருக்குள் போகும் காட்சி பிரபலமானது. முதலில் ஹோமர் இறங்குகிறான். இறங்க மனசில்லாமல், மாமா கடைக்குப் போய் ஒரு டிரிங்க் அடிக்கலாமே என்று இழுக்கிறான். அவனுடைய மாமா புட்ச் நடத்துகிற பார் அது. மற்ற இருவரும் ‘வீட்டுக்குப் போ’ என்று இறக்கிவிடுகிறார்கள். அவன் காதலி வில்மா ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். அவன் கைகள் பக்கத்தில் அப்படியே தொங்குகின்றன. டாக்ஸிக்குள் ஒருவர் நேவியைப் பாராட்டுகிறார், கொக்கியைப் பயன்படுத்த நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று. காதலியை அணைக்க அவர்களால் பழக்க முடியவில்லையே என்கிறார் அல். தரைப்படைக்காரர் கடற்படையைக் குறை சொல்கிற வாக்கியம்தான் இது. வடிவத்தைப் பார்த்தால் திண்ணைக் கிண்டலேதான். அந்த வடிவம் இல்லாவிட்டால் அவரால் இதைச் சொல்லியே இருக்க முடியாது. பரிதாபத்தை நேராகச் சொல்ல இந்த மனிதர்களுக்கு மொழி கிடையாது. ‘உங்க நேவி’ என்று ஒரு மூன்றாம் ஆளைத் திட்டுகிற சாக்கில்தான் அது வெளியே வருகிறது.

அடுத்து அல் இறங்குகிறார். அடுக்குமாடிக் கட்டடம், வாசலில் பெரிய முகப்பு. கேப்டன் ஃப்ரெட் அசந்து போய், நீ என்ன கள்ளச்சாராயம் விற்று ரிட்டையர் ஆனவனா என்கிறான். அவ்வளவு கௌரவமான தொழில் இல்லை, பேங்க்கில் இருந்தேன் என்கிறார் சார்ஜென்ட். கடைசியாக ஃப்ரெட் இறங்குவது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குடிசையில். போருக்கு முன் அவன் மருந்துக்கடையில் சோடாவும் ஐஸ்கிரீமும் கலந்து கொடுத்தவன்.

படைப்பிரிவுப் போட்டி எதை மூடி வைத்திருந்தது என்பது இந்த டாக்ஸிப் பயணத்தில் தெரிந்துவிடுகிறது. சீருடையில் இருக்கும்வரை கேப்டன் மேல், சார்ஜென்ட் கீழ். ஏர்ஃபோர்ஸ் ஸ்டைல், ஆர்மி சேறு. டாக்ஸி மீட்டர் ஓடும் நேரத்துக்குள் இந்த வரிசை கலைந்து வேறொன்று எழும்புகிறது: அபார்ட்மென்ட், நடுத்தர வர்க்கத் தோட்ட வீடு, குடிசை. ஆர்மியா நேவியா என்று சண்டை போட்டுக்கொள்வதில் ஒரு சொகுசு உண்டு. அந்த நேரத்துக்கு ‘உங்க அப்பா என்ன பண்றார்’ என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கும், சொல்ல வேண்டியதில்லை. ஊரில் வேறு வேறு தெருக்காரர்களான இரண்டு பேர் ஒரே திண்ணையில் முப்பது வருஷம் ‘ஹவில்தார்’, ‘சார்ஜென்ட்’ என்று கூப்பிட்டுக்கொள்வதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

ஃப்ரெட் பழைய கடைக்கே வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு 32.50 டாலர். அவன் மனைவி மேரிக்கு அவனை யூனிஃபார்மில் பார்க்கத்தான் பிடிக்கிறது. சாதாரணக் கோட்டில் வந்து நின்றால் முகம் சுண்டிப் போகிறது. (மேரி பாத்திரத்துக்குப் படம் நியாயம் செய்யவில்லை. கையில் காசில்லாமல் ஒரு புருஷன் திரும்பி வந்து வீட்டிலேயே உட்கார்ந்தால் எரிச்சல் வருவதில் என்ன தப்பு? பெக்கி, வில்மா, மில்லி மூவரும் பொறுமைசாலிகளாக எழுதப்பட்டிருப்பதால் மேரி கெட்டவளாகத் தெரிகிறாள்.)

*

கறாராகப் பார்த்தால் ஃப்ரெட்டும் ஆர்மிதான். அமெரிக்க விமானப்படை அப்போது தரைப்படையின் ஒரு பகுதி. தனிப்படையானது 1947 செப்டம்பரில், இந்தப் படம் வந்து பத்து மாதம் கழித்து. பிரிந்த கையோடு ஒரு குடும்பச் சண்டையும் வந்தது. 1949 ஏப்ரலில், கடற்படை கட்ட ஆரம்பித்த ராட்சத விமானந்தாங்கிக் கப்பலை அரசு நிறுத்தியது. விமானப்படையின் பி-36 குண்டுவீச்சு விமானத்துக்குப் பணம் போகிறது என்று அட்மிரல்கள் வெளிப்படையாகக் கொந்தளித்தார்கள். வரலாற்றில் அதற்கு ‘அட்மிரல்களின் கலகம்’ என்றே பெயர். திண்ணையில் ஜோக்காக இருப்பது தலைநகரத்தில் பட்ஜெட்டாக இருக்கிறது. மேலே இருப்பவர்களுக்குப் படைப்பிரிவுப் பெருமை என்பது கப்பலும் விமானமும். கீழே இருப்பவனுக்கு அது மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்த சொத்து.

அந்தச் சொத்துக்கு வெளியே மதிப்பே இல்லை என்பதைக் காட்டுகிற காட்சிதான் என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம். ஃப்ரெட் வேலை போய், மனைவி போய், ஊரை விட்டே கிளம்ப விமானத்தளத்துக்கு வருகிறான். அங்கே பக்கத்து மைதானத்தில் போர் விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எஞ்சின் கழற்றிய பி-17கள், உடைத்துப் பழைய இரும்பாகப் போகப் போகிறவை. (கலிஃபோர்னியாவில் ஒன்டாரியோ என்ற ஊரில் நிஜமாகவே அப்படி நின்ற விமானங்களுக்கு நடுவில் எடுத்தார்கள்.) ஃப்ரெட் ஒன்றில் ஏறி, தூசி படிந்த மூக்குக் கூண்டில் தன் பழைய இடத்தில் உட்கார்கிறான். கேமரா வெளியே எஞ்சின் இருந்த குழிகளை ஒவ்வொன்றாகக் கடக்கிறது. ஹியூகோ ஃப்ரீட்ஹோஃபரின் இசை எஞ்சின் கிளம்புவதுபோல் உறுமத் தொடங்குகிறது. இல்லாத எஞ்சின்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஃப்ரெட்டின் முகம் வேர்த்துக் கிடக்கிறது.

இந்தக் காட்சியை எடுத்த வைலர் அதே விமானப்படையில் வேலை பார்த்தவர். ‘மெம்ஃபிஸ் பெல்’ ஆவணப்படத்துக்காக பி-17களில் ஏறி ஜெர்மானியர்களின் சுடுதலுக்கு நடுவே பறந்து படம் பிடித்தவர். அவர் குழுவில் ஒருவர் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தோடு போனார். 1945இல் இத்தாலிக்கு மேலே படம் எடுத்தபோது எஞ்சின் இரைச்சலில் வைலருக்கே காது போனது. ஒரு காது கடைசிவரை கேட்கவில்லை. எஞ்சின் சத்தத்தால் செவியை இழந்த ஒருவர், எஞ்சின் இல்லாத விமானத்துக்குச் சத்தம் கொடுக்கும் காட்சி அது. அதில் ஏன் வசனமே இல்லை என்று இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

கீழேயிருந்து ஒருவர் கத்துகிறார். விமானங்களை உடைக்கும் வேலையின் மேஸ்திரி. ஃப்ரெட் இறங்கி வருகிறான். முன்னாள் விமானப்படை என்று தெரிந்ததும் மேஸ்திரி, ஓ, வானத்திலிருந்து விழுந்த தேவதூதனா, என்னிடம் அனுதாபம் எதிர்பார்க்காதே, நீங்கள் மேலே ஜம்மென்று பறந்துகொண்டிருந்தபோது நான் கீழே டாங்கிக்குள் கிடந்தேன் என்கிறார். என் அப்பா சொல்வதேதான்! வாய்பாடு மாறவே இல்லை. இதற்கு ஃப்ரெட் அதே வாய்பாட்டில் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரமாகப் படம் அதற்குத்தான் நம்மைத் தயார் செய்திருக்கிறது. ஆனால் அவன், உங்கள் போர்க்கதையை இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறேன், இப்போது எனக்கு வேண்டியது வேலை என்கிறான்.

கிண்டல் அந்த இடத்தில் செத்துவிடுகிறது. சீண்டல் விளையாட்டாக இருக்க வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒருவர் முதலாளி, மற்றவன் வேலை கேட்பவன் என்று ஆனதும் அதே வாக்கியம் அவமானமாக மாறுகிறது. ஃப்ரெட்டின் பதிலில் கோபம் இல்லை, அலுப்பு இருக்கிறது. மேஸ்திரிக்கும் அது புரிகிறது. இந்தத் தகரமெல்லாம் வீடு கட்டப் போகிறது, உனக்கு அந்த வேலை தெரியுமா என்கிறார். தெரியாது, ஆனால் விமானத்தில் செய்ததைக் கற்றுக்கொண்ட மாதிரி இதையும் கற்றுக்கொள்வேன் என்கிறான். வேலை கிடைக்கிறது. ஃப்ரெட் தன் படையைப் பற்றிப் பெருமையடிக்காமல் பேசுகிற இடம் இதுதான்.

*

சினிமா படிப்பவர்களுக்கு இந்தப் படம் என்றால் புட்ச் பாரில் நடக்கும் டெலிபோன் காட்சிதான். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் 1948இல் வைலரைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதை விரிவாக அலசினார். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட், ‘சிட்டிஸன் கேன்’ எடுத்தவர். முன்னால் பியானோவில் ஹோமர் கொக்கிகளால் மாமாவோடு சேர்ந்து ஒரு சின்னத் துண்டு வாசிக்கிறான். தூரத்தில், அறையின் கோடியில், டெலிபோன் கூண்டுக்குள் ஃப்ரெட். அவன் அல்லின் மகள் பெக்கியைக் காதலிக்கிறான், அவனோ கல்யாணம் ஆனவன். அவளை இனிமேல் பார்க்கக் கூடாது என்று அல் சொல்லிவிட்டார். அதைச் சொல்லத்தான் போன் பேசுகிறான். நடுவில் அல் பியானோவைப் பார்ப்பதும் கூண்டைத் திரும்பிப் பார்ப்பதுமாக நிற்கிறார். முன்புறம், பின்புறம் இரண்டும் ஒரே கூர்மையில் தெரிகின்றன. எங்கே பார்ப்பது என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறது ஷாட்.

பஸானுக்கு அது பார்வையாளரின் சுதந்திரம் பற்றிய காட்சி. எனக்கு அது மூன்று படைகளும் ஒரே சட்டகத்தில், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கும் காட்சி. கேப்டனுக்கு சார்ஜென்ட் உத்தரவு போட்டிருக்கிறார், கேப்டன் கீழ்ப்படிகிறான். நேவிக்காரனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறான், கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தது போலவே.

வெளியாள் ஒருவன் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்பதையும் படம் காட்டுகிறது. மருந்துக்கடையில் ஒருவன் ஹோமரிடம், நாம் தப்பான எதிரியோடு சண்டை போட்டோம், உன் கை வீணாகப் போனது என்கிற தோரணையில் பேசுகிறான். ஹோமர் அவன் சட்டையில் குத்தியிருந்த கொடிச் சின்னத்தைப் பிடுங்குகிறான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் சோடா கலந்துகொண்டிருந்த ஃப்ரெட் தாவி வந்து அந்த ஆளை அடிக்கிறான். கண்ணாடி உடைகிறது, ஃப்ரெட்டுக்கு வேலை போகிறது. நேவிக்காக ஏர்ஃபோர்ஸ் கொடுத்த விலை வாரம் 32.50 டாலர். தியேட்டரில் கைதட்டு வாங்கியிருக்கும் காட்சி. எனக்கு அதில் சின்ன உறுத்தல் உண்டு. போர் எதற்காக என்று கேட்கிற ஒரே ஆளைப் படம் இவ்வளவு அருவருப்பானவனாக எழுதியிருக்க வேண்டாம். அல்லின் மகன், ஹிரோஷிமாவில் தப்பிப் பிழைத்தவர்கள் மேல் கதிர்வீச்சு என்ன செய்தது, கவனித்தீர்களா என்று அப்பாவிடம் கேட்கிறான். அல் கவனிக்கவில்லை என்கிறார். அவர் கொண்டுவந்த ஜப்பானிய வாளுக்கு முன் அந்தப் பையனின் கேள்வி எவ்வளவு கனமானது! படம் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

படத்தில் யார் இல்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அந்தப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின அமெரிக்கர்கள் சீருடை அணிந்தார்கள். தனிப் பிரிவுகளில், பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளுக்குக் கீழே. கடற்படையில் நெடுங்காலம் அவர்களுக்குத் திறந்திருந்தது சமையலும் பரிமாறலும்தான். படைகளில் இந்தப் பாகுபாட்டை ஒழிக்கும் உத்தரவு 1948 ஜூலையில்தான் வந்தது. அந்தக் கப்பலின் மெஸ்ஸில் தட்டு கழுவிய ஒருவர் பூன் சிட்டிக்குத் திரும்பியிருந்தால், புட்ச் பாரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்? ‘நாங்க ஆர்மி, நீங்க நேவி’ என்று சிரித்துச் சண்டை போட, முதலில் இரண்டு பேரும் ஒரே மேஜைக்கு வர வேண்டும். சிநேகமான போட்டி என்பது சமமானவர்களுக்குக் கிடைக்கிற சலுகை. திரைக்கதை அந்த மேஜைக்கு மூன்று வர்க்கங்களைக் கூட்டி வந்தது பெரிய காரியம். நிறத்தை வாசலிலேயே விட்டுவிட்டது.

சொல்லியே ஆக வேண்டிய ஒன்று மிச்சம். ஹோமராக நடித்த ஹெரால்ட் ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் அல்ல. கான்டரின் மூலக்கதையில் ஹோமருக்குக் கை இருக்கிறது, மூளையில் அடிபட்டு உடம்பு இழுத்துக்கொள்ளும். அதை நடித்துக் காட்டுவது கஷ்டம் என்று வைலர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ராணுவம் எடுத்த ‘டைரி ஆஃப் எ சார்ஜென்ட்’ என்ற ஆவணப்படத்தில் ரஸ்ஸலைப் பார்த்தார். ரஸ்ஸல் நேவி கிடையாது. ஆர்மி. வெடிமருந்துப் பயிற்சியாளர். நார்த் கரோலைனாவில் ஒரு முகாமில் பயிற்சிப் படம் ஒன்றை எடுக்கும்போது திரி பழுதாகி டிஎன்டி வெடித்துக் கைகள் போயின. தேதி 1944 ஜூன் 6. அதே நாளில்தான் நார்மண்டிக் கரையில் லட்சக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். அவர் ஐரோப்பாவையே பார்க்கவில்லை.

திரைக்கதையில் அவரைக் கடலுக்கு அனுப்பினார்கள், கப்பலை மூழ்கடித்தார்கள். பயிற்சி முகாமில் கை போனது என்றால் பார்வையாளர்கள் ஏற்றுக்கொள்வார்களோ மாட்டார்களோ என்ற தயக்கமாக இருக்கலாம். ஆனாலும் அவர் சண்டையைப் பார்க்காதவர் என்பதை மட்டும் மாற்றாமல் வைத்தார்கள். இரவில் அவன் வில்மாவிடம் கொக்கிகளைக் கழற்றிக் காட்டும் காட்சி: கழற்றிய பிறகு கதவைக்கூடத் திறக்க முடியாது, யாராவது வர வேண்டும் என்று நிதானமாக விளக்குகிறான். வில்மா அவன் பைஜாமாவுக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். அதில் நடிப்பு எங்கே முடிகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அகாடமி அவருக்கு ஒரே பாத்திரத்துக்கு இரண்டு ஆஸ்கர் கொடுத்தது. 1992இல் ஒன்றை ஏலத்தில் விற்றார், 60,500 டாலர். விருதை விற்கலாமா என்று அப்போது சிலர் குறைபட்டார்கள்.

*

படத்தை அப்பாவுக்கும் மாமாவுக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு சாயங்காலம் ஆனது. இங்கிலீஷ் வேகமாக வந்த இடங்களில் நான் தமிழில் சொன்னேன். பி-17 மூக்குக் கூண்டைப் பார்த்து மாமா அரை மணி நேரம் பாடம் எடுத்தார். டாங்கி மேஸ்திரி பேசியபோது அப்பா தொடையில் தட்டிக்கொண்டு, “கரெக்டா கேட்டான் பாரு” என்றார். ஹோமர் விமானத்தில் தன் கதையைச் சொன்ன இடத்தில் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா, “மலை ரோட்டுல பனி விழுந்தா லாரிய எப்படிய்யா நிறுத்துவ?” என்று அப்பாவிடம் கேட்டார். அவர் அதை இதற்கு முன் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா கியர், செயின், பள்ளம் என்று விளக்க ஆரம்பித்தார். நான் படத்தை நிறுத்தி வைத்தேன்.

முடிந்ததும் மாமா கேட்டார், “அந்தப் பையன் நெஜமாவே நேவியா?”

“இல்ல மாமா, ஆர்மி.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் அப்பவே நெனச்சேன். அந்தத் திமிரு நேவில ஏது?”

“ஆர்மில எந்த யூனிட்டு?” என்றார் மாமா.

ஏர்போர்ன் டிவிஷன், பாராசூட் ஆட்கள் என்றேன்.

“பாராசூட்டா? எதுலேர்ந்து குதிப்பான்? பிளேன்லேர்ந்துதானே?” மாமா அப்பா பக்கம் திரும்பினார். “அப்ப பாதி எங்க ஆளுய்யா.”